ஒரு பந்து மாறினா ஆட்டமே மாறுமா? டேபிள் டென்னிஸ் பேட்டும் விதிகளும்: முழு விளக்கம்

நாரணாபுரத்தில் இருந்து ஒரு அப்பா சிவகாசிக்கு பஸ் ஏறி வந்து ஸ்போர்ட்ஸ் கடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாசு ஆலையில் வேலை. மகள் ஏழாம் வகுப்பு. ஸ்கூல் டேபிள் டென்னிஸ் டீமில் பெயர் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, புள்ளைக்கு ஒரு டேபிள் டென்னிஸ் பேட் வேணும்."

கடைக்காரர் மூன்றை எடுத்து வைக்கிறார். ஒன்று சில நூறு ரூபாய். இன்னொன்று ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவதில் கட்டை தனி, ரப்பர் தனி. எல்லாம் சேர்த்தால் அப்பாவின் பல நாள் சம்பளம். மூன்றுமே ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு. பார்க்க எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு.

"என்ன அண்ணாச்சி வித்தியாசம்?"

"இது போட்டிக்கு ஆகும். அது ஆகாது."

அவ்வளவுதான் பதில். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது வருஷக் கதை இருக்கு. பேட் மாறியது, பசை மாறியது, பந்து மாறியது, ஸ்கோர் மாறியது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் ஜெயிச்சாங்க, யாரோ ஒருத்தர் அதுவரை கத்துக்கிட்டதை மறந்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

கதை ஆரம்பிக்கும் இடம் நம்ம நாடுதான்.

பம்பாயில் 1952-ல் என்ன நடந்தது?

1952-ல் உலக சாம்பியன்ஷிப் பம்பாயில் நடந்தது. அதுவரை எல்லோரும் வைத்திருந்தது மரக்கட்டை மேல் மெல்லிய புள்ளி ரப்பர் ஒட்டிய பேட். பந்து பட்டால் 'டொக்' என்று சத்தம் வரும். எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தார் என்பதைக் காதாலேயே பாதி கணித்துவிடலாம்.

ஜப்பானில் இருந்து வந்த ஹிரோஜி சாடோ என்பவரின் பேட்டில் தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. பந்து பட்டால் சத்தமே இல்லை. வரும் வேகமும் கண்ணுக்குத் தெரியும் அசைவுக்குப் பொருந்தவில்லை. ஐரோப்பாவின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள். ஒற்றையர் பட்டம் சாடோவுக்கு.

அவரை யாரும் மோசடிக்காரர் என்று சொல்ல முடியவில்லை. ஏன்னா அப்போ பேட்டில் என்ன ஒட்டலாம் என்று கறாரான விதியே கிடையாது. சில வருஷம் சண்டை நடந்தது. கடைசியில் 1959-ல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் ஒரு சமரசத்துக்கு வந்தது. வெறும் ஸ்பாஞ்ச் கூடாது. ஸ்பாஞ்ச் மேல் ரப்பர் இருக்கணும். பசையும் சேர்த்து மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

இன்னைக்கும் அதே 4 மில்லிமீட்டர்தான். கட்டையின் தடிமனில் 85 சதவீதமாவது இயற்கை மரம் இருக்கணும், மீதியில் கார்பன் மாதிரியான இழை வைத்துக்கொள்ளலாம். சிவகாசிக் கடையில் அந்த மூன்றாவது பேட் ஏன் அவ்வளவு விலை என்பதற்குப் பாதிக் காரணம் இந்த இழை. மீதிக் காரணம் ரப்பர்.

ரப்பரில் அப்படி என்ன இருக்கு?

இதைப் புரிஞ்சுக்கிட்டா டேபிள் டென்னிஸில் பாதி புரிஞ்ச மாதிரி.

சாதாரண ரப்பரின் மேல்புறம் வழவழப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். பந்தைப் பிடித்து உருட்டிவிடும். நீங்கள் மேல்நோக்கித் தேய்த்தால் பந்து முன்னால் உருண்டுகொண்டே போகும், அது டாப் ஸ்பின். கீழ்நோக்கி வெட்டினால் பின்னால் சுழலும், அது பேக் ஸ்பின். டாப் ஸ்பின் பந்து பேட்டில் பட்டதும் மேலே எகிறப் பார்க்கும். பேக் ஸ்பின் பந்து நெட்டுக்குள் விழப் பார்க்கும்.

இன்னொரு வகை, புள்ளிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 'லாங் பிம்பிள்'. இதில் பந்து பட்டால் புள்ளிகள் வளைந்து கொடுக்குமே தவிர, பந்தைப் பிடிக்காது. அதனால் எதிராளி சுற்றிவிட்ட சுழற்சி நிற்காமல் அப்படியே தொடரும்.

இங்கதான் விஷயமே. ஒரு பம்பரத்தை நினைச்சுக்கோங்க. நீங்க சுத்திவிட்ட பம்பரம் அதே திசையில் சுத்திக்கிட்டே உங்க பக்கம் திரும்பி வருது. நீங்க அனுப்பும்போது அது முன்பக்கமா உருண்டது. திரும்பி வரும்போது சுழற்சி மாறலை, ஆனா பயணத் திசை மாறிடுச்சு. இப்போ உங்களைப் பொறுத்தவரை அது பின்பக்கமா சுத்துற பந்து. நீங்க எவ்வளவு வேகமா டாப் ஸ்பின் அடிச்சீங்களோ, அவ்வளவு பேக் ஸ்பின் உங்களுக்கே திரும்பி வரும். உங்க பலமே உங்களுக்கு வினை.

'ஆன்டி ஸ்பின்' என்று இன்னொன்றும் உண்டு. பார்க்கச் சாதாரண ரப்பர் மாதிரி வழவழப்பாக இருக்கும். மேல்புறத்தில் பிடிப்பு மட்டும் இருக்காது. வேலை கிட்டத்தட்ட இதேதான்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2024 பிப்ரவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் உலக அணி சாம்பியன்ஷிப். இந்தியப் பெண்கள் அணி சீனாவோடு மோதியது. அப்போது உலகின் நம்பர் 1 சுன் யிங்ஷா. அவரை கொல்கத்தா பக்கத்தைச் சேர்ந்த ஐஹிகா முகர்ஜி 12-10, 2-11, 13-11, 11-6 என்று தோற்கடித்தார். ஐஹிகாவின் பேக்ஹேண்டில் இருந்தது ஆன்டி ஸ்பின். நம்பர் 2 வாங் யிடியை ஸ்ரீஜா அகுலா நேர் கேம்களில் வீழ்த்தினார். அவர் பேக்ஹேண்டிலும் பிம்பிள் ரப்பர். அந்த மோதலில் இந்தியா 2-3 என்று தோற்றதுதான், ஆனா உலகமே திரும்பிப் பார்த்தது.

அதற்கு முன்பே மணிகா பத்ரா பாதை போட்டிருந்தார். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூரின் ஃபெங் தியான்வேயை அரையிறுதியில் வென்று, பிறகு ஒற்றையர் தங்கமும் வாங்கினார். அவருடைய ஆயுதம் பேக்ஹேண்ட் லாங் பிம்பிள்.

அப்போ நம்ம புள்ளைக்கும் பிம்பிள் வாங்கிக் கொடுத்துடலாமா? அவசரப்படாதீங்க. அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு ஏன்?

அழகுக்கு இல்லை. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் சில ஆட்டக்காரர்கள் பேட்டின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் வெவ்வேறு ரப்பர் ஒட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் பிடிக்கும் ரப்பர், மறுபக்கம் பிடிக்காத ரப்பர். மேசைக்குக் கீழே பேட்டைத் திருப்பிவிட்டு அடிப்பார்கள். எந்தப் பக்கம் பட்டது என்று எதிராளிக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சர்வ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி உதைத்து அதையும் மறைப்பார்கள்!

இதற்குப் போட்ட பூட்டுதான் இரண்டு நிற விதி. 1986-ல் இருந்து ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற சிவப்பு. 2021 அக்டோபரில் இருந்து சிவப்புக்குப் பதில் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் கூட அனுமதி. கறுப்பு மட்டும் மாறாது. ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் பேட்டை வாங்கிப் பார்க்கும் உரிமையும் உண்டு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் மரியாதைக்காக அதைக் கேட்பதே இல்லை. கேட்கணும். எந்த நிறத்தில் எந்த ரப்பர் என்று தெரியாமல் ஆடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுவது போல.

பிம்பிளுக்கும் கடிவாளம் உண்டு. துளிகூடப் பிடிப்பே இல்லாத பிம்பிள் ரப்பர்களை 2008-ல் தடை செய்தார்கள். அந்த ரப்பரை நம்பி ஆட்டத்தையே கட்டியிருந்தவர்கள், பெரும்பாலும் வயசான கிளப் ஆட்டக்காரர்கள், ஒரே நாளில் கை ஒடிஞ்ச மாதிரி ஆனார்கள்.

பங்க்சர் பசையால் வந்த வேகம்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா காசுக் கணக்கில் பார்த்தால் சாமானியனை அதிகம் அடிச்சது இந்த மாற்றம்தான் என்பது என் கருத்து.

1970-களில் ஐரோப்பிய வீரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் பங்க்சர் ஒட்டும் பசையைத் தடவி ரப்பரை ஒட்டினால், ஆவியாகும் கரைப்பான் ஸ்பாஞ்சுக்குள் போய் அதை உப்ப வைக்கும். ரப்பர் இழுத்துக் கட்டிய மாதிரி விறைப்பாகும். வேகமும் சுழற்சியும் எகிறும். சில மணி நேரத்தில் போய்விடும், அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் உரித்து உரித்து ஒட்டுவார்கள். பெயர் 'ஸ்பீட் க்ளூ'.

அந்த ஆவி உடம்புக்கு ஆகாது. மூடிய அறையில் பசங்க உட்கார்ந்து ஒட்டுவதை நினைச்சுப் பாருங்க. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த கையோடு, 2008 செப்டம்பர் 1 முதல் அந்தப் பசைக்குத் தடை. சரியான முடிவு, சந்தேகமே இல்லை.

ஆனா பின்விளைவு? முன்பு விலை குறைந்த ரப்பரிலும் பசை தடவி வேகம் கொண்டு வரலாம். தடைக்குப் பிறகு அந்த விறைப்பைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் வைத்து விற்க ஆரம்பித்தார்கள். ஜப்பானின் பட்டர்ஃப்ளை நிறுவனம் 'டெனர்ஜி' ரப்பரை அறிமுகம் செய்ததும் அதே 2008-ல்தான். இப்படிப்பட்ட ரப்பர் ஒரு ஷீட்டே ஆயிரக்கணக்கில். ஒரு பேட்டுக்கு இரண்டு ஷீட் வேணும். தினமும் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு அது சில மாதம்தான் தாங்கும். வேகம் முன்பு பசை டப்பாவில் இருந்தது. இப்போ பர்ஸில் இருக்கு.

பந்து ஏன் மாறியது? சிவகாசிக்காரங்களுக்குச் சட்டுனு புரியும்

பந்து இரண்டு தடவை மாறியது.

முதல் மாற்றம் 2000 அக்டோபரில், சிட்னி ஒலிம்பிக் முடிந்த பிறகு. 38 மில்லிமீட்டர் பந்து 40 மில்லிமீட்டர் ஆனது. எடை 2.5 கிராமில் இருந்து 2.7 கிராம். காரணம் டிவி. பந்து கண்ணுக்கே தெரியவில்லை, இரண்டு மூன்று அடியில் பாயிண்ட் முடிந்துவிடுகிறது, யார் உட்கார்ந்து பார்ப்பாங்க என்று புகார்.

வெறும் 2 மில்லிமீட்டர்தானேன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாருங்க. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40-ஐ 38-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் சுமார் 1.11. அதாவது காற்றுத் தடை 11 சதவீதம் கூடுகிறது. சுழற்றுவதற்கு எடையும் சேர்ந்து கணக்கில் வரும். அதையும் பெருக்கினால், அதே அளவு சுழற்ற ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல் உழைப்பு. மணிக்கட்டை மட்டும் நம்பி ஆடியவர்களுக்குச் சிரமம். தோள், இடுப்பு, கால் என்று முழு உடம்பையும் போட்டு அடிப்பவர்களுக்கு லாபம்.

இரண்டாவது மாற்றம் 2014-ல். இதுதான் நம்ம ஊருக்கு நெருக்கமான கதை.

அதுவரை பந்து செய்யப் பயன்பட்டது செல்லுலாய்டு. அதன் மூலப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ், அதோடு கற்பூரம். நைட்ரோ செல்லுலோஸ் என்றால் பஞ்சு மாதிரியான நாரை நைட்ரிக் அமிலத்தில் வினைபுரிய வைத்து எடுப்பது. நைட்ரஜன் இன்னும் கூடுதலாக ஏறினால் அதுவே வெடிபஞ்சு. சிவகாசிப் பக்கம் மருந்து அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பழைய செல்லுலாய்டு பந்தில் தீப்பொறி பட்டால் நிதானமாக எரியாது, பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்துச் சினிமாச் சுருள்கள் அடிக்கடி எரிந்ததும் இதே பொருளால்தான். விமான சரக்கு விதிகளில் செல்லுலாய்டு தீப்பற்றக்கூடிய திடப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஆக, குழந்தைங்க விளையாடுற பந்தும் பட்டாசும் ஒருவகையில் தூரத்துச் சொந்தம்!

தயாரிப்பிலும் போக்குவரத்திலும் ஆபத்து என்று காரணம் சொல்லி, 2014 ஜூலை முதல் செல்லுலாய்டு இல்லாத பிளாஸ்டிக் பந்தைக் கொண்டுவந்தது சம்மேளனம். '40+' என்று பந்தின் மேல் அச்சிட்டிருக்கும். அந்தக் கூட்டல் குறிக்கு அர்த்தம் இருக்கு. பழைய பந்து 39.5 மில்லிமீட்டர் வரை சின்னதாக இருக்கலாம். புதிய பந்து 40-க்குக் கீழே போகக் கூடாது, 40.6 வரை போகலாம். சத்தமில்லாமல் பந்து மறுபடியும் கொஞ்சம் பெருத்துவிட்டது.

ஆரம்பத்தில் வந்த பிளாஸ்டிக் பந்துகள் சீக்கிரம் விரிசல் விட்டன, சத்தமும் வேறு மாதிரி, துள்ளலும் வேறு மாதிரி. ஒரு கம்பெனி பந்தில் பயிற்சி எடுத்து இன்னொரு கம்பெனி பந்தில் போட்டி ஆடினால் கை குழம்பும். இப்போ தரம் நல்லா முன்னேறிடுச்சு. ஆனா ஒரு விஷயம் நிரந்தரமா மாறிவிட்டது. சுழற்சி குறைந்தது. மேசையை விட்டுத் தள்ளி நின்று வெட்டி வெட்டியே ஆடும் தற்காப்பு ஆட்டம் நொண்ட ஆரம்பித்தது. மேசையை ஒட்டி நின்று இரண்டு பக்கமும் வேகமாக அடிப்பவர்களின் காலம் வந்தது.

இப்படி மேலே இருந்து வந்த ஒரு உத்தரவு மூலப்பொருளையே மாற்றுவது சிவகாசிக்குப் புதுசு இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. அதுவரை கை பழகிய கலவையை விட்டுவிட்டுப் புதுக் கலவைக்கு மாற வேண்டியிருந்தது. காரணம் சுகாதாரம், நியாயமான காரணம். ஆனா மாறுகிற செலவையும் நடுவில் வேலை இல்லாத நாட்களையும் சுமந்தது யார் என்று இந்தப் பகுதியில் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பந்து மாற்றத்தை அதோடு ஒப்பிட முடியாது, அங்கே வயிற்றுப்பாடு. ஆனா சின்ன ஊர்க்காரருக்குச் செய்தி கடைசியாகத்தான் வந்து சேரும் என்பது மட்டும் இரண்டிலும் ஒண்ணு.

21 பாயிண்ட் 11 ஆனதால் அதிர்ஷ்டம் ஜெயிக்குதா?

2001 செப்டம்பர் வரை ஒரு கேமுக்கு 21 பாயிண்ட், ஒருவர் தொடர்ந்து 5 சர்வ். அதன் பிறகு 11 பாயிண்ட், 2 சர்வ் வீதம். "கேம் சின்னதாயிடுச்சு, இனிமே யாரும் யாரையும் ஜெயிக்கலாம்" என்று இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு.

உண்மையா? ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் கொஞ்சம் நல்ல ஆட்டக்காரர், 100 பாயிண்டில் 55 எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 21 பாயிண்ட் கேமை அவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 74 சதவீதம். 11 பாயிண்ட் கேமில் 69 சதவீதம். ஆமாம், குறைகிறது. ஆனா மேட்ச் என்று பார்த்தால்? அப்போ மூன்று கேமில் இரண்டு ஜெயிக்கணும், வாய்ப்பு சுமார் 84 சதவீதம். இப்போ ஐந்தில் மூன்று, வாய்ப்பு சுமார் 82. ஏறக்குறைய அதேதான்!

அதனால் அதிர்ஷ்டக் குற்றச்சாட்டில் பெரிசா சரக்கு இல்லை. உண்மையில் மாறியது மனசு. 21 பாயிண்டில் 2-6 என்று பின்தங்கினால் "இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்று மூச்சு விடலாம். 11-ல் 2-6 என்றால் கேம் பாதி போச்சு. எதிராளி எப்படி ஆடுகிறார் என்று நிதானமாகப் படிக்க நேரம் இல்லை. இது பிம்பிள் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த மறைமுகப் பரிசு. அவர்கள் பந்து எப்படி வரும் என்று எதிராளி கண்டுபிடிப்பதற்குள் ஒரு கேம் முடிந்துவிடும்.

அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 10-10 ஆனால் டியூஸ் கிடையாது, அடுத்த ஒரே பாயிண்டில் கேம் முடியும். டிவிக்கு விறுவிறுப்பு. கணக்குப்படி நல்ல ஆட்டக்காரருக்கு நஷ்டம் ஒரு சதவீதம் கூட இல்லை. இதயத்துடிப்புக் கணக்கு வேற.

சர்வ்: மறைத்தால் பாயிண்ட் போச்சு

2002 செப்டம்பரில் இருந்து சர்வ் போடும்போது பந்தை உடம்பாலோ கையாலோ மறைக்கக் கூடாது. பந்து விரித்த உள்ளங்கையில் இருக்கணும், 16 சென்டிமீட்டராவது மேலே போடணும், எதிராளிக்குக் கடைசி வரை தெரியணும்.

இதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம். எனக்குச் சர்வ் சொல்லிக் கொடுத்தவர் பழைய காலத்து ஆட்டக்காரர். தோளை முன்னால் கொண்டுவந்து, அதன் பின்னால் பந்தை அடிக்கும் அழகான சர்வ். உள்ளூரில் யாராலும் எடுக்க முடியாது. ஒரு மாவட்டப் போட்டிக்குப் போனேன். முதல் சர்வுக்கு அம்பயர் எச்சரித்தார். அடுத்த மூன்றுக்கும் பாயிண்ட் எதிராளிக்கு. எனக்கு வேறு சர்வே தெரியாது. மேட்ச் கால் மணி நேரத்தில் முடிஞ்சுது. விதி மாறி அப்போதே சில வருஷம் ஆகியிருந்தது என்பது எங்கள் ஹாலில் யாருக்கும் தெரியாது.

எல்லா மாற்றத்தையும் தாண்டிய ஒரு சென்னைக்காரர்

இத்தனை மாற்றத்தையும் ஒரே உடம்பில் பார்க்கணும்னா சரத் கமல். 1982-ல் பிறந்தவர். சின்ன வயசில் பிடித்தது 38 மில்லிமீட்டர் பந்து, ஆடியது 21 பாயிண்ட் கேம். சொல்லிக் கொடுத்தவர்கள் அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும்.

2006 மெல்போர்ன் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். அப்போது செல்லுலாய்டு பந்து, ஸ்பீட் க்ளூவுக்கும் அனுமதி இருந்தது. 2022 பர்மிங்காமில் மறுபடி ஒற்றையர் தங்கம். இந்த முறை பிளாஸ்டிக் பந்து, ஸ்பீட் க்ளூ கிடையாது, வயது 40. நடுவில் 16 வருஷம். பெயர் மட்டும்தான் ஒரே விளையாட்டு. 2004 ஏதென்ஸ் முதல் 2024 பாரிஸ் வரை ஐந்து ஒலிம்பிக், பத்து தேசியப் பட்டங்கள். 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த போட்டியோடு விடைபெற்றார்.

எப்படிச் சமாளித்தார்? அவர் ஆட்டத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், உயரமும் முழு உடம்பையும் போட்டு அடிக்கும் ஃபோர்ஹேண்டும் பெரிய பந்துக்குத் தோதாக இருந்தன. அதைவிட முக்கியம், ஐரோப்பிய கிளப்களில் ஆடியதால் புதுப் பந்தும் புது ரப்பரும் அவர் கைக்கு உடனே வந்துவிடும். நாரணாபுரத்துப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

சரி, அந்த அப்பா எந்த பேட்டை வாங்கணும்?

பள்ளி அளவில், முதல் வருஷம் என்றால் நடு விலை பேட் போதும். சுழற்சி, வேகம் எல்லாம் முதலில் கையில் வரணும், அப்புறம்தான் ரப்பரில். வேகமான பேட்டைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தால் பந்து மேசையில் விழாது, பிள்ளை பயந்துபோய்த் தட்டித் தட்டி ஆடப் பழகிவிடும்.

மாவட்டம், மாநிலம் என்று போக ஆரம்பித்தால் ஒரு விஷயம் பாருங்க. ரப்பரில் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஐ.டி.டி.எஃப் முத்திரையும் அனுமதி எண்ணும் அச்சாகியிருக்கணும். கடைக்காரர் "போட்டிக்கு ஆகும்" என்று சொன்னது இதைத்தான். முத்திரை இல்லாத ரப்பரோடு பெரிய போட்டிக்குப் போனால் நடுவர் அந்த பேட்டை அனுமதிக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் யாரிடமாவது கடன் வாங்கிய பேட்டில் ஆடுவது என்பது, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது மாதிரி.

பிம்பிள் கேள்விக்கு வருவோம். பத்துப் பதினோரு வயசுப் பிள்ளையிடம் லாங் பிம்பிள் கொடுத்தால் உடனே கோப்பை வரும். எதிரில் நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பந்து பழக்கமே இருக்காது. பெற்றோருக்குச் சந்தோஷம், ஸ்கூலுக்கும் சந்தோஷம். பிரச்சினை நாலு வருஷம் கழித்து வரும். எதிராளிகள் பழகிவிடுவார்கள், நம்ம பிள்ளைக்குப் பேக்ஹேண்டில் சொந்தமாகச் சுழற்ற வராது. மணிகாவும் ஐஹிகாவும் ஜெயிப்பது ரப்பரால் மட்டும் இல்லை, அதோடு சேர்ந்து ஆடும் ஃபோர்ஹேண்டாலும் கால்களாலும். எனவே அடிப்படை வந்த பிறகு, கோச் பார்த்துச் சொன்னால் மாறலாம். அதே நேரம் ஒவ்வொரு ஹாலிலும் ஒரு பழைய பிம்பிள் பேட்டாவது கிடக்கணும். யாராவது ஒருவர் வாரம் ஒரு நாள் அதை வைத்து எல்லோரோடும் ஆடட்டும். சின்ன ஊர்ப் பிள்ளைகள் மாநிலப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே தோற்பதற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. பல நேரம் அந்த ரப்பரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார்கள்.

பந்தும் அப்படித்தான். மூணு ஸ்டார் பந்து, பயிற்சிப் பந்தைவிடப் பல மடங்கு விலை. தினமும் அதில் ஆட முடியாது. போட்டிக்கு முந்தைய ஒரு வாரமாவது, அந்தப் போட்டியில் எந்தக் கம்பெனி பந்து என்று கேட்டு, நாலு பேர் காசு போட்டு வாங்கி அதில் பயிற்சி எடுக்கலாம். பழைய செல்லுலாய்டு பந்து எங்காவது மூலையில் கிடந்தால் விட்டுவிடுங்கள், கை பழக்கம் கெடும்.

நம்ம வெயிலுக்கு ஒரு குறிப்பு. பேட்டை வண்டி டிக்கியில் வைத்துவிட்டுப் போகாதீங்க. சூட்டில் பசை இளகும், ரப்பர் காய்ந்து பிடிப்பு போகும். விளையாடி முடித்ததும் ஈரத் துணியால் துடைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி உறையில் வைத்தால் ரப்பர் கூடுதல் நாள் உழைக்கும். சீலிங் ஃபேனுக்கு அடியில் பயிற்சி எடுப்பதும் வேண்டாம், 2.7 கிராம் பந்துக்கு அந்தக் காற்றே ஒரு ஸ்பின். சிவகாசி மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் ஆடச் சொல்வது கொடுமைதான். காலையில் வெயில் ஏறும் முன் ஆடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து என்ன மாறப் போகுது?

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் அணிப் போட்டிகள் தனித்தனியாக இருக்காது. அதற்குப் பதில் கலப்பு அணிப் போட்டி வருகிறது, இரட்டையர் பிரிவும் திரும்பி வருகிறது. அதாவது ஒரு நாட்டின் பதக்க வாய்ப்பில் ஆணும் பெண்ணும் சரிபாதி. பெண்கள் பிரிவில் வித்தியாசமான ரப்பர்களோடு சீனாவையே உலுக்கிய இந்தியாவுக்கு இது சாதகமாக அமையலாம். இரட்டையரில் இருவரும் மாறி மாறித்தான் அடிக்கணும். ஒருவர் சாதாரண ரப்பர், இன்னொருவர் பிம்பிள் என்று ஜோடி சேர்ந்தால் எதிராளிக்கு ஒவ்வொரு பந்தும் வேறு மாதிரி வரும்.

நம்ம கதையில் வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போ 12 வயசு. கடைக்காரர் நடுவில் இருந்த பேட்டைத்தான் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறார். "முத்திரை இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்க அண்ணாச்சி" என்று அந்த அப்பா இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறணும்.